கீழச்சாய்ப்பு

ஜூலை 14, திங்கள்

மாடிக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். இங்கே காற்று நன்றாக வரும் என்று என் மகன் தனிஸ்லாஸ் சொன்னான். காலில் மாவுக்கட்டுப் போட்டவனைக் காற்றுக்காக யாரும் கைப்பிடி இல்லாத படிகளில் நாற்காலியோடு தூக்கி ஏற்ற மாட்டார்கள். வழக்கு முடியும்வரை கோயில் பூட்டிக் கிடப்பதால் பங்குப் பேரவைக் கூட்டங்கள் இனி எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கும். தனிஸ்லாஸ் பேரவையின் துணைத்தலைவன். கீழத்தெருவிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள். பழைய செங்கல் கோயிலை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புதுக் கோயில் கட்டுவதுதான் கூட்டங்களில் பேச்சு. இடிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் தடை வாங்கியவன் கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தால் அவர்களுக்கு எப்படிப் பேச்சு வரும்?

எனக்கு ஒன்றும் குறையில்லை. சன்னலைத் திறந்தால் கோயில் நேராகத் தெரிகிறது. கூடத்தில் கிடந்தபோது காலண்டர்தான் தெரிந்தது.

ஜூலை 16, புதன்

கட்டுக்குள் அரிப்பு. மருமகள் சலேத்மேரி துடைப்பக் குச்சி ஒன்றைக் கழுவிக் கொடுத்தாள். அரிக்கும் இடம் வரை எட்டவில்லை.

ஜூலை 19, சனி

நேற்றுக் கூட்டம். படிக்கட்டு வழியாக எல்லாம் மேலே கேட்டது. அந்தக் கோயிலில் அப்படி என்ன இருக்கிறது, வெறும் செங்கல்தானே என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகனின் சிரிப்பு எனக்குத் தெரியும். அதனால் இதை எழுதிவைக்கிறேன்.

எங்கள் கருவடிக்குடி சந்தியாகப்பர் கோயில் கொள்ளிடக் கரையில் நூற்றெண்பது வருடமாக நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் தவிர வேறு எதுவும் கிடையாது. ஏரி வண்டலில் அந்தச் செங்கலை அறுத்துச் சுட்டவர்கள் கீழத்தெருக்காரர்கள். கூலி வேலை. கோயில் எழும்பியதும் பெரிய தெருக்காரர்கள் உள்ளே போனார்கள். செங்கல் அறுத்தவர்கள் வெளியே வெயிலில் நின்று பூசை கண்டார்கள். ஐம்பது வருடம் அப்படிப் போயிற்று. பிறகு எங்கள் முன்னோர் பொறுக்காமல் அதே வண்டலில், அதே அச்சில், கூலி இல்லாமல் செங்கல் அறுத்தார்கள். கோயிலின் இடப்பக்கத்தை ஒட்டித் தாழ்வாக ஒரு சாய்ப்பு இறக்கி ஓடு போட்டார்கள். அதுதான் கீழச்சாய்ப்பு. கோயிலுக்கும் அதற்கும் நடுவில் மரச் சட்டங்களால் ஓர் அழித் தடுப்பு. அழிக்கு அந்தப் பக்கம் பீடம், இந்தப் பக்கம் நாங்கள். சாமியார் அங்கே எல்லோருக்கும் நற்கருணை கொடுத்து முடித்த பின் கடைசியாக அழியோரம் வந்து எங்களுக்குக் கொடுப்பார்.

அந்த அழிக்குப் பின்னால் முழங்காலில் நின்றுதான் நான் எழுத்துப் படித்தேன். பீடத்து வளைவில் பெரிய எழுத்தில் ஜெபம் எழுதியிருந்தது. சாமியார் அதைச் சொல்லச் சொல்ல எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தது. ரயில்வேயில் கேங்மேனாகத் தண்டவாளம் பார்த்துக்கொண்டே சட்டப் புத்தகங்கள் வாங்கிப் படித்தேன். கீழத்தெருவில் யாருக்கு என்ன மனு என்றாலும் எழுதுவது நான்தான்.

அழியை எடுத்து நாற்பது வருடமாகிறது. இப்போது நாங்களும் நடுக்கோயிலில் உட்காரலாம். ஆனால் சாய்ப்பு நிற்கிறது. அது நிற்கிறவரை, அப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்று ஒருவனும் சொல்ல முடியாது. வழக்கு அதற்காகத்தான். கோயிலின் பழமைக்காக, கட்டட அழகுக்காக என்று மனுவில் எழுதினேன். அப்படி எழுதினால்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஜூலை 25, வெள்ளி

சந்தியாகப்பர் திருநாள். தகரக் கொட்டகையில் பூசை நடந்தது. சன்னலிலிருந்து பார்த்தேன். கொட்டகைக்குச் சுவரே இல்லை, நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. அப்படியும் எங்கள் தெரு ஆட்கள் இடப்பக்கம் போய்த்தான் உட்கார்ந்தார்கள். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த சலேத்மேரியிடம் இதைச் சொன்னேன். "அந்தப் பக்கந்தான் மாமா ஃபேன் இருக்கு" என்றாள்.

ஃபேன் வலப்பக்கமும் இருந்தது. நான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

நீதிமன்றம் அனுப்பிய நிபுணர் வந்தார். பழைய கட்டடங்களைப் பற்றிப் படித்த பெண். சென்னை, பெயர் மிருணாளினி. காலை முழுவதும் அவர் கோயிலை அளந்ததையும், சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்ததையும் இங்கிருந்தே கவனித்தேன். மனுதாரரைப் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டாராம். தனிஸ்லாஸுக்கு வேறு வழியில்லை, மேலே அழைத்துவந்தான். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பொறுமையான பெண். ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் சொல்வதை வெட்டவில்லை. இந்த வீட்டில் என்னிடம் யாராவது கேள்வி கேட்டு அதற்குப் பதில் சொல்ல விட்டுப் பல மாதம் ஆகிறது. சாய்ப்பும் கோயிலோடு சேர்ந்து கட்டியதா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"அது நாங்க கட்டுனதும்மா. கோயில் வெள்ளக்காரச் சாமியார் கட்டுனது. இது அம்பது வருசம் கழிச்சு எங்க பூட்டனுங்க கட்டுனது. ரெண்டுக்கும் சம்பந்தமே கெடயாது. எவன் கையும் இதுல படல."

அப்படியே எழுதிக்கொண்டார். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு சொல்லும் தவறாக இல்லை. மனசு நிறைந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள். எலும்பு இன்னும் சேரவில்லையாம். திரும்பவும் மாடி.

ஆகஸ்ட் 13, புதன்

பங்குச் சாமியார் பெலிக்ஸ் லட்டு டப்பாவோடு படியேறி வந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. "தாத்தா, நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நிபுணரின் அறிக்கை வந்துவிட்டது. வாசித்துக் காட்டினார்.

நடுக்கோயில் இந்த வட்டாரத்தில் வேறெங்கும் காண முடியாத கட்டடம், இடிக்கக் கூடாது, பழுது பார்த்துக் காப்பாற்ற வேண்டும். சாய்ப்பு பிற்காலத்தில் ஒட்டியது. மனுதாரரே இதை உறுதிப்படுத்தியுள்ளார். அது மூலக் கட்டடத்தின் வடிவத்தை மறைக்கிறது. அதை அகற்றினால் கோயிலின் மதிப்பு கூடும். அகற்றும்போது செங்கலை உடைக்காமல் எடுத்து, நடுக்கோயில் சுவரில் அரித்துப்போன இடங்களில் வைத்துக் கட்ட வேண்டும். இரண்டும் ஒரே அளவு, ஒரே மண். இப்படிப் பொருத்தமான செங்கல் இனிக் கிடைக்காது.

மனுதாரர் நான்தான்.

பெரிய தெருவும் மனம் மாறிவிட்டதாம். பத்திரிகையில் கோயில் படம் வரப்போகிறது, வெளியூர்க்காரர்கள் பார்க்க வருவார்கள், இனி யாரும் கான்கிரீட் கேட்கவில்லையாம். எல்லாத் தரப்பும் சம்மதம் என்று ஒரு மனு கொடுத்தால் போதும், கோயிலைத் திறந்துவிடலாம். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"அந்த இருட்டு மூல போயிரும் தாத்தா. எல்லாரும் ஒண்ணா உக்காருவோம்."

எனக்கு அந்த இருட்டு மூலையில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று சொன்னேன். அவர் லட்டு டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

கையெழுத்துப் போடவில்லை. லட்டு இரண்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கித்தேரியம்மாள் வந்தாள். என் மாமன் மகள். என்னைவிட மூத்தவள், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டாள். படியில் கையை ஊன்றி ஊன்றித் தவழ்ந்து ஏறி, நிலைப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "ஏன் மச்சான், ஒன்னய மேல வெச்சுட்டு ஏணிய எடுத்துட்டாங்களா?" என்றாள்.

அறிக்கையைப் பற்றிச் சலேத்மேரி சொல்லியிருக்கிறாள். செங்கல் சமாசாரத்தை நினைத்து நினைத்துச் சிரித்தாள். "நம்மள வெளிய நிறுத்துனாங்க, நம்ம செங்கல்ல மட்டும் உள்ள கூப்புடறாங்க பாரேன்."

நான் இருக்கிறவரை ஒரு செங்கலும் நகராது, சாய்ப்பு அப்படியே நிற்கும் என்று சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அவளுடைய முதல் குழந்தை மூன்று மாதத்தில் இறந்தது. அந்தச் சின்னப் பெட்டியைச் சாய்ப்பில் வைத்தார்கள். சாமியார் அழிக்கு அந்தப் பக்கம் நின்று ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். இவ்வளவும் எனக்குத் தெரியும், நானும் அங்கே நின்றேன். மீதியை இன்றுதான் சொன்னாள்.

"தண்ணி எம்புள்ள மேல படவேயில்ல மச்சான். எல்லாம் அழிக் கட்டயிலயே பட்டுருச்சு. முந்தானையால அந்தக் கட்டயத் தொடச்சு, அந்த ஈரத்த எடுத்தாந்து பெட்டிக்குள்ள தடவுனேன். நீ அங்க எழுத்துப் படிச்ச, சரி. நான் ஒண்ணும் படிக்கல. எனக்கு அந்தச் சுவரு வேணாம்."

சாட்சி வேண்டாமா என்று கேட்டேன். "யாருக்குச் சாட்சி? எனக்கா?" என்றாள். போகும்போது, அதற்காகப் பெரிய தெருக்காரர்கள் ஆள் வைத்து இடித்து அள்ளிக்கொண்டு போகவும் தான் விடப்போவதில்லை என்று முனகிக்கொண்டே இறங்கினாள்.

அவளுக்கு வயதாகிவிட்டது. ஒன்றுக்கொன்று சேராமல் பேசுகிறாள். அந்தக் குழந்தையின் பெயர் என்ன என்று சாயங்காலம் முழுவதும் யோசித்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பேரவைத் தலைவர் ஞானாதிக்கம் வந்தார். பெரிய தெரு. என் வயது. அவர் அப்பா வயலில் என் அப்பா வேலை செய்தார். ஒரு காலத்தில் நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னைப் பேர் சொல்லி நீ என்பார். இப்போது ஐயாவை நான் விட்டுவிட்டேன். அவர் நீயை விடப் பார்க்கிறார், சில சமயம் முடிவதில்லை.

சம்மத மனுவைக் கட்டில் மேல் விரித்தார். ஒரே ஒரு வரி சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். சாய்ப்பு எதற்காகக் கட்டப்பட்டது என்று அதில் இருக்க வேண்டும், அதையும் அவர் கையாலேயே எழுத வேண்டும். அவர் கோபப்படவில்லை. பேனாவை வாங்கி வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுதிக் கொடுத்தார். "இடநெருக்கடி காரணமாகப் பிற்காலத்தில் கட்டப்பட்ட சாய்ப்பு" என்று இருந்தது.

"நெருக்கடி யாருக்கு?" என்று கேட்டேன்.

"பழசக் கெளறி என்ன ஆவப்போவுது? எம்மவனும் உம்மவனும் தோள்ல கைபோட்டுட்டுத் திரியறானுங்க."

"அப்ப எழுதறதுல என்ன கஷ்டம்?"

"பேசுனா காத்தோட போயிரும் பிலவேந்திரா. எழுதுனா நின்னுரும்ல."

"நிக்கணும்னுதான் கேக்கறேன்."

காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். தனிஸ்லாஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு சொல்லுக்காக ஊர்க் கோயிலையே பூட்டி வைத்திருப்பதாகவும், இனிப் பெரிய தெருவில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்றும் கேட்டான். பூட்டிவைக்கப்பட்டிருப்பது நான்தான் என்றேன். கதவைச் சாத்திவிட்டு இறங்கினான்.

கையெழுத்துப் போட்டால் சாய்ப்பு போய்விடும். போடாவிட்டால் கோயில் பூட்டியே கிடக்கும், அடுத்த மழைக்கு இரண்டும் சேர்ந்து விழும். இதை ஒரு வாரமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சட்டத்தில் இதற்கு வழியே இல்லை. கோயிலுக்கு நானே போட்ட பூட்டு, திறக்கும் வழி எனக்கே தெரியவில்லை.

சலேத்மேரி மூன்று தோசை கொண்டுவந்தாள். எப்போதும் இரண்டுதான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பெரிய தெருக்காரர்கள் மாதா சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து புறப்பட்டார்கள். வெள்ளிக்கிழமைக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சாமியாரும் கூடப் போகிறார். இந்த வருடம் தங்களோடு வரச் சொல்லித் தனிஸ்லாஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். காவி வேட்டி கட்டிக்கொண்டு மேலே வந்து நின்றான். எதிர்பார்த்துத்தான் வந்தான். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். தெருமுனையில் அவனைச் சப்பரத்தின் முன்கட்டையைப் பிடிக்க விட்டதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கீழத்தெருச் சப்பரம் எப்போதும் ஒருநாள் கழித்துக் கிளம்பும். இன்று கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டேன். இந்த வருடம் யாருக்கும் நேரமில்லை என்றாள் சலேத்மேரி. குரலில் ஏதோ இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

விடிந்ததும் ஓடு கழற்றும் சத்தம் கேட்டது.

சன்னலுக்கு வந்தேன். சாய்ப்பின் கூரைமேல் எங்கள் தெரு ஆண்கள் நாலைந்து பேர். கீழே பெண்கள் வரிசையாக நின்று ஓட்டைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். நீதிமன்றத் தடை இருக்கிறது, கைவைத்தால் குற்றம், ஜெயிலுக்குப் போவீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கித்தேரியம்மாள் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, "எறங்கி வந்து புடி மச்சான்" என்றாள். அந்தக் கூட்டத்தில் என் மருமகளும் நின்றாள்.

இறங்கத்தான் போனேன். முதல் படியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முன்னால் நீட்டி, ஒவ்வொரு படியாக உடம்பை இறக்கினேன். பாதிக்கு மேல் கை தாங்கவில்லை. கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தேன். படிக்கட்டில் சன்னல் கிடையாது. சத்தம் மட்டும் வந்தது. கடப்பாரை, பிறகு சுண்ணாம்பைக் கொத்தி உதிர்க்கும் அரிவாள், செங்கலும் செங்கலும் மோதும் சத்தம். யாரும் யாரையும் அதட்டவில்லை. வேலை சுத்தமாக நடக்கிறது என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

வெயில் ஏறிய பிறகு சலேத்மேரி வந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனாள். தலை முழுக்கச் செம்மண் தூள். இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து கைத்தாங்கலாகப் பிடித்தாள்.

"கீழயா மாமா, மேலயா?"

கீழே போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. மேலே என்றேன். மேலேயிருந்துதான் நன்றாகத் தெரியும்.

மீதியை முழுக்கப் பார்த்தேன். கோயில் சுவரில் ஒரு கீறல் விழாமல் சாய்ப்பை மட்டும் பிரித்தார்கள். உடைந்த துண்டைக்கூட விடாமல் கூடையில் அள்ளினார்கள். கித்தேரியம்மாள் கடைசிவரை ஒன்றையும் தூக்கவில்லை. அழி இருந்த இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பொழுது சாயும் முன்னால் அந்த இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

புளிச்சோறு. நேற்று அடுப்பு மூட்டாததற்கு ஈடாக இரண்டு அப்பளம்.

ஆகஸ்ட் 30, சனி

செய்தி போய், கொடியேற்றம் முடிந்ததும் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். ஞானாதிக்கம் நடந்த காலில் துணி சுற்றியிருந்தார், படியேற என்னைவிடக் கஷ்டப்பட்டார். சாமியாரும் தனிஸ்லாஸும் பின்னால் வந்தார்கள்.

தடை என் பெயரில் இருக்கிறது. மீறியது யார் என்று நான் புகார் எழுதினால் நடவடிக்கை வரும், தெருவையே உள்ளே தள்ளலாம். ஞானாதிக்கம் காகிதத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"சன்னல் வழியாப் பாத்திருப்பியே."

"பாத்தேன்."

"யாரு யாரு?"

தனிஸ்லாஸ் தரையைப் பார்த்தான். கீழே சலேத்மேரி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

"யாருமில்ல. மழையில ஊறுன சுவரு. அதுவா விழுந்துச்சு."

"மழ எப்ப பெஞ்சுது?"

"நீங்க போன வழியில பெய்யலயா? இங்க பெஞ்சுது."

"விழுந்த சுவரு அங்கயே கெடக்கணும்ல? ஒரு ஓட்டுச் சில்லுகூட இல்ல. நடந்தா போச்சு?"

"ஊரே நடந்து போயிருக்கு. அதுவும் யாத்திர போயிருக்கும்."

சாமியாருக்குச் சிரிப்பு வந்து இருமினார். ஞானாதிக்கம் சிரிக்கவில்லை. அப்படியென்றால் அதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். மழையில் தானாக இடிந்து விழுந்தது, யார்மீதும் புகார் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். எழுதும்போது கை வியர்த்தது இல்லை.

அவர் இரண்டு தடவை வாசித்தார். "இப்ப ஒன் எழுத்தும் எங்க எழுத்தும் ஒரே மாதிரி இருக்கு பிலவேந்திரா" என்றார். குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. களைத்துப்போய்த்தான் சொன்னார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

தனிஸ்லாஸ் மனைவியோடு பேசுவதில்லை. அவள் அதைக் கவனித்தது மாதிரியே தெரியவில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. நடுக்கோயிலைப் பழுது பார்க்கப் பொருத்தமான செங்கல் இல்லை என்று சாமியார் சென்னைக்குக் கடிதம் எழுதியிருக்கிறாராம். சாய்ப்பு இருந்த இடம் சன்னலில் வெறுமையாகத் தெரிகிறது. புதிதாகப் பார்க்கிறவன் அங்கே ஒன்று இருந்தது என்று நினைக்கமாட்டான். இருந்தது என்று சொல்ல என்னிடம் இப்போது என்ன இருக்கிறது? நான் எழுதிக் கொடுத்த காகிதம் அவர்களிடம் இருக்கிறது.

செங்கலெல்லாம் எந்தெந்த வீட்டுக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. கொல்லைப்புறங்கள் இந்தச் சன்னலுக்குத் தெரிவதில்லை. எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்திருக்க வேண்டும். சாயங்காலம் காப்பி கொண்டுவந்த சலேத்மேரியிடம், ஒரே ஒரு செங்கல் மேலே கொண்டுவந்து கொடு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

டம்ளரை என் கையில் வைத்து, சூடு பொறுக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எந்தச் செங்கல்லு மாமா? எல்லாம் மழையில போச்சுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."